குளியலறை வரிசை

கேள்வித்தாளை வாங்கிக் குப்புற வைத்திருக்கிறேன். இன்னும் திருப்பவில்லை. முதலில் வரிசையை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட வேண்டும். மாமா, அத்தை, அவர், யாழினி, நான். மாமா நேர்மாறு, அத்தை மடக்கை, அவர் இயற்கணிதம், யாழினி முக்கோணவியல், நான் அடுக்குக்குறி. சரியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு குளியலறை. காலை ஐந்தே முக்காலுக்கு மாமா துண்டோடு உள்ளே போவதில் ஆரம்பித்து, எட்டு மணிக்கு நான் அரை வாளித் தண்ணீரில் குளித்து முடிப்பது வரைக்கும் இந்த வரிசை மாறாது. கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து பதினெட்டு வருடமாக மாறவில்லை, மகள் யாழினி பிறந்து எனக்கு முன்னால் இடம் பிடித்ததைத் தவிர. அந்த வரிசைதான் பகுதித் தொகையிடலுக்கும். இரண்டு பேர் பெருக்கலில் மாட்டிக்கொண்டு நின்றால், வரிசையில் முன்னால் நிற்பவரை வகையிட வேண்டும், பின்னால் நிற்பவரைத் தொகையிட வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். காலேஜில் இதையே ஐந்து ஆங்கில எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்துகள் என் தலையில் நிற்கவே இல்லை, ஏ முன்னாலா ஈ முன்னாலா என்று நாலு பரீட்சையில் குழம்பினேன். குளியலறை வாசலில் யார் முன்னால் நிற்பார்கள் என்பதில் எனக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. திருப்பிவிடலாமா? முன் பெஞ்சில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் திருப்பவில்லை. அவர் திருப்பட்டும்.

இந்த ஹாலில் நாற்பதுக்குக் கீழே ஒருத்தரும் கிடையாது, மேற்பார்வைக்கு வந்திருக்கும் அந்தச் சின்னப் பெண்ணைத் தவிர. பழைய பேட்ச்காரர்கள் அரியரை முடித்துக்கொள்ளச் சிறப்பு வாய்ப்பு, இதுவே கடைசி என்று அறிவித்திருந்தார்கள். இனி கிடையாது என்று அடிக்கோடு வேறு. ஒருவர் காதில் பென்சில் செருகியிருக்கிறார், மர வியாபாரம் போலிருக்கிறது. இன்னொருவர் மூக்குக் கண்ணாடியை மறந்து வந்துவிட்டுப் பக்கத்துக்காரரிடம் இரவல் கேட்க, அந்தப் பெண் "சார், பேசக் கூடாது சார்" என்று பயந்து பயந்து சொல்கிறாள். எங்களை அதட்டுவதா கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வேறொரு சந்தேகம். பரீட்சை எழுத யாராவது மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக வருவார்களா? வருவார்கள், வீட்டில் கிரகப்பிரவேசத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தால். அது அவருடைய யோசனை. அவர் என்றால் என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி. "ஃபிரண்டு வீட்டுக் கிரகப்பிரவேசம்னு சொல்லிருவோம். நீ நல்லாச் சேல கட்டிக்கிட்டு வா, அப்பதான் நம்புவாங்க" என்றார். நம்பினார்கள். அத்தை நகையைக்கூட எடுத்துக் கொடுத்தார். நெக்லஸ் கழுத்தில் குத்துகிறது. குனிந்து எழுதும்போதெல்லாம் டெஸ்க்கில் இடித்துச் சத்தம் போடும். கழற்றி வைக்கலாம் என்றால், அந்தச் சின்னப் பெண் பறந்து வந்து என்ன மேடம் அது என்று கேட்பாள்.

திருப்பிவிட்டேன். முதல் பகுதி, இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து. எக்ஸும் ஈ பவர் எக்ஸும் பெருக்கல், அதாவது அவரும் நானும். அவர் முன்னால், நான் பின்னால். அவரை வகையிட்டால் ஒன்று, என்னைத் தொகையிட்டால் நானேதான். முடிந்தது. இவ்வளவு சுலபமாகவா கேட்பார்கள்? கேட்டிருக்கிறார்களே. அவரை வகையிடுவது எப்போதும் சுலபம். எக்ஸின் மூன்றாம் படியில் கோபமாக ஆரம்பிப்பார், ஒரு தடவை விட்டால் இரண்டாம் படி, இன்னொரு தடவை விட்டால் ஒன்று, பிறகு வெறும் எண், பிறகு பூஜ்யம், டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அடுத்தது மடக்கை எக்ஸ். அத்தை தனியாக நிற்கிறார். தனியாக நின்றாலும் பக்கத்தில் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும், அத்தைக்கும் எப்போதும் பக்கத்தில் யாராவது வேண்டும். எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தாலும் அத்தை காதில் போனால் சின்னதாகிவிடும். பத்து லட்சம் என்று சொன்னாலும் ஆறு என்று கேட்டுக்கொள்ளும் மடக்கையேதான். யாழினி சைன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காஸ், போனைப் பிடுங்கினால் மைனஸ் சைன், அப்பாவிடம் போய் முறையிடும்போது மைனஸ் காஸ், சாப்பிட்டதும் பழையபடி சைன். மாமா நேர்மாறு என்பதற்கு விளக்கமே தேவையில்லை, பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். நான் அடுக்குக்குறி. வகையிட்டாலும் தொகையிட்டாலும் அப்படியே இருப்பேன். இது பெருமையா என்று யோசிக்கக் கூடாது, இப்போது நேரமில்லை. போன வாரம் குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு, அடுப்படியிலிருந்து "மடக்கை வெளிய வந்தாச்சா?" என்று கத்திவிட்டேன். ஈரத் தலையோடு அத்தை நிற்கிறார். "என்னம்மா உளர்ற?" என்றாள் யாழினி. மடக்குக் கட்டிலை எடுத்து வெயிலில் போட்டாச்சா என்று கேட்டதாகச் சமாளித்தேன். எங்கள் வீட்டில் மடக்குக் கட்டிலே கிடையாது.

சமாளிப்பது பழகிப்போயிற்று, அதுதான் சங்கதி. கல்யாணப் பத்திரிகையில் செல்வி மங்கையர்க்கரசி, பி.இ. என்று போட்டார்கள். ஒரே ஒரு பேப்பர் பாக்கி, அடுத்த செமஸ்டரில் எழுதிவிடுவாள், அதற்குள் போய் பி.இ. முடிவு பெறவில்லை என்றா அச்சடிக்க முடியும் என்று எங்கள் அப்பா கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பத்திரிகைகளில் அப்படித்தான், பட்டம் பின்னால் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் பெயர் முன்னால் போய்விடும். என்னுடையதுதான் வந்து சேரவில்லை. மூன்றாம் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாட்ட மட்டும் சொல்லிராத" என்றார். மாமா அப்போதே அருப்புக்கோட்டை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மருமக இஞ்சினியர். கூட்டுறவுச் சங்கத்தில் மருமக இஞ்சினியர், சலூனில் மருமக இஞ்சினியர், பெருமாள் கோவிலில் புளியோதரை வாங்குகிற வரிசையில் முன்பின் தெரியாத ஆளிடம் மருமக இஞ்சினியர். நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தபோது, "பெரிய கம்பெனியில கூப்புட்டாங்க, பிள்ளைக்காகப் போகல" என்று அதற்கும் ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டார். அவராகவே நம்பி அவராகவே சொன்ன கதை. எதிர்வீட்டுக்காரர் புதுச் சுவரில் விரிசல் விழுந்தது என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நான் படித்தது எலெக்ட்ரிக்கல், எங்கள் தோட்டத்து மோட்டார் என்றால் வேறு. இருந்தாலும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் நிறைய விடச் சொன்னேன். மாமா பக்கத்தில் நின்று தலையாட்டினார், அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சம்பளம் உயராது, வேலை மாறாது, ஒன்றும் ஆகாது. அந்த மனுஷர் சொல்வது உண்மையாக வேண்டும். ஐம்பது மதிப்பெண் வேண்டும்.

முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு. நாலு தடவை, கடைசித் தடவை யாழினி வயிற்றில். அதற்கப்புறம் போகவில்லை. இப்போது பெரிய கேள்விகளுக்கு வந்துவிட்டேன். ரூட்டுக்குள் ஏ ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர். பயப்படாதே. ஏ என்பது மூத்தவர், வீட்டில் ஏற்கெனவே இருப்பவர், எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். எக்ஸ் என்பது புதிதாக வந்தவள், எப்படிப்பட்டவள் என்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூத்தவரிலிருந்து புதியவளைக் கழித்தால் சைன் போட வேண்டும். இரண்டு பேரும் கூடினால் டேன். புதியவளிலிருந்து மூத்தவரைக் கழித்தால் செக், அதாவது தனிக்குடித்தனம். இது மூத்தவரிலிருந்து கழித்தல், எனவே சைன். போட்டேன், ரூட் உடைந்து காஸ் வந்துவிட்டது, மளமளவென்று இறங்குகிறது. இதை நான் ஆய்வகத்தில் பிப்பெட் கழுவிக்கொண்டே கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் தமிழில் இருந்தது, நான் பள்ளியில் படித்ததும் தமிழில்தான். தொகையிடல் என்று வாசித்தபோது புரிந்த அதே கணக்கு, காலேஜில் இன்டக்ரேஷன் என்று கரும்பலகையில் ஏறியதும் என்னைத் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது விடையின் கடைசியில் பிளஸ் சி. மறக்கக் கூடாது, நாற்பத்துநாலு வாங்கிய ஒரு தடவை இரண்டு இடத்தில் சி போடாமல் விட்டிருந்தேன். சி என்றால் சித்தப்பா. எந்த விசேஷமானாலும் எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்துகொள்வார். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது, ஆனால் இல்லையென்றால் குறை. வாங்க சித்தப்பா, உட்காருங்க. அடுத்த கேள்வி, பதினொன்று இருபது ஆகிறது, நேரம் இருக்கிறது. கை வலிக்கிறது, இத்தனை வருடமாகப் பால் கணக்கைத் தவிர எதையும் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. மர வியாபாரி அடிஷனல் ஷீட் கேட்கிறார். அவருக்கு என்ன அவ்வளவு தெரிந்துவிட்டது?

ஈ பவர் எக்ஸ் சைன் எக்ஸ். எட்டு மதிப்பெண். யாழினியும் நானும். யாழினி முன்னால், நான் பின்னால், அவளை வகையிட்டு என்னைத் தொகையிட்டால் ஈ பவர் எக்ஸ் சைன் எக்ஸ், கழித்தல், மீதித் தொகைக்குள் ஈ பவர் எக்ஸ் காஸ் எக்ஸ். நல்லது. இன்னும் அவளும் நானும்தான் உள்ளே நிற்கிறோம், சைனாக இருந்தவள் காஸாகிவிட்டாள், பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இரண்டாம் சுற்று. இப்போது நான் முன்னால், அவள் பின்னால். என்னை வகையிட்டு அவளைத் தொகையிட்டால் ஈ பவர் எக்ஸ் சைன் எக்ஸ், கழித்தல், ஈ பவர் எக்ஸ் சைன் எக்ஸின் தொகை. அது ஆரம்பத்தில் இருந்ததேதான், அதற்கு ஐ என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் போட்டால் இதுவும் அதுவும் அடிபட்டுப்போய் ஐ சமம் ஐ. என்ன இது? திரும்பப் பார்த்தேன். ஐ சமம் ஐ. மங்கையர்க்கரசி சமம் மங்கையர்க்கரசி. உண்மைதான், யாரும் மறுக்க முடியாது, ஆனால் இதற்கு அரை மதிப்பெண்கூடத் தரமாட்டார்கள். இதுவரை எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. உறுதியாக வரக்கூடியது நாற்பத்துநாலு. மறுபடியும் அதே நாற்பத்துநாலு, அடையாள எண் மாதிரி என்னோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மீதி இருக்கிற கேள்விகள் பக்கமே போக முடியாது, அவற்றை நான் படிக்கவே இல்லை. இது வந்தால் ஐம்பத்திரண்டு, இல்லையென்றால் மாமா சாகும்வரை பொய் சொல்லிக்கொண்டிருப்பார், சொல்வது பொய் என்று தெரியாமலே. இன்னொரு தடவை போட்டேன். ஐ சமம் ஐ. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறேன். பசி வேறு. காலையில் இட்லி வைத்தார்கள், விசேஷ வீட்டில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி இறங்கிவிட்டேன். பன்னிரண்டு இருபத்தைந்து. மேற்பார்வைப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, "தண்ணி வேணுமா மேடம்?" என்றாள். தலையாட்டினேன். குடித்தேன். ஏன் நான் முன்னால் போனேன்? அதை யோசி. வரிசையில் நான்தானே கடைசி. காலேஜில் படித்தபோது எழுத்து மறந்தது, இப்போது எழுத்தே இல்லையே, வீடுதானே. யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அங்கேதான். சாயங்காலம் நாலரைக்கு வந்ததும் எங்கள் வீட்டில் நான்தான் முதலில் குளிப்பேன், குளித்துவிட்டு விளக்கேற்ற வேண்டும், அத்தைக்கு முட்டுவலி வந்ததிலிருந்து அது என் வேலை. காலையில் கடைசி, சாயங்காலம் முதல். இரண்டாம் சுற்று என்றதும் என்னையறியாமல் சாயங்காலத்துக்குப் போய்விட்டேன். ஒரு சுற்றில் செய்ததை அடுத்த சுற்றில் நானே அழித்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது, சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கணக்குக்குச் சாயங்காலம் கிடையாது. எத்தனை சுற்று வந்தாலும் அது காலைதான், யாழினி முன்னால், நான் பின்னால்.

அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். காஸை வகையிட்டால் மைனஸ் சைன், நான் நானேதான். இப்போது ஐ திரும்பி வந்தது, ஆனால் மைனஸோடு வந்தது. இந்தப் பக்கம் ஒரு ஐ, அந்தப் பக்கம் மைனஸ் ஐ. அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் இரண்டு ஐ, பாதியாக்கினால் விடை. ஈ பவர் எக்ஸ், சைன் மைனஸ் காஸ், எல்லாவற்றையும் இரண்டால் வகுத்து, பிளஸ் சி. அவ்வளவுதான். கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். இது தப்பாக இருக்க முடியாது, வகையிட்டுச் சரிபார்த்தேன், ஈ பவர் எக்ஸ் சைன் எக்ஸ் அப்படியே வந்து நின்றது. மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்து அவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் வர இரண்டு மாதம் ஆகும். வந்ததும் பட்டம் வாங்கி, சத்தமில்லாமல் பீரோவில் வைத்துவிட்டால் முடிந்தது, மாமாவுக்கு எதுவுமே தெரிய வேண்டாம், சொன்னதெல்லாம் முன்தேதியிட்டு உண்மையாகிவிடும். இப்படித்தான் பதினெட்டு வருடமாக நினைத்திருந்தேன். ஆனால் அது ஐ சமம் ஐ போலத் தோன்றியது. எல்லாம் அடிபட்டுப்போய் நான் எழுதியது யாருக்கும் தெரியாமல், எழுதாத மாதிரியே ஆகிவிடும். மணி அடித்தது. அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு, "நல்லா எழுதுனீங்களா மேடம்?" என்றாள். எழுதினேன் என்றேன்.

வெளியே வந்ததும் எப்படி எழுதினாய் என்றுகூட அவர் கேட்கவில்லை, போனைத்தான் நீட்டினார். "அப்பா ரெண்டு தடவ கூப்புட்டாரு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லிருக்கேன். நீ ஒரு வார்த்த பேசிரு" என்று சொல்லும்போதே அது மறுபடி அடித்தது.

"என்ன தாயி, பந்தி முடிஞ்சதா?"

ஆமாம் மாமா என்று சொன்னால் போதும். வாய் அதற்குத்தான் தயாராக இருந்தது.

"நான் விசேஷத்துக்கு வரல மாமா. பரீட்சை எழுத வந்தேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றிப் போனார்.

"என்ன பரீட்சை?"

"காலேஜ்ல ஒரு பேப்பர் விட்டுப்போச்சு. கணக்கு. நான் இன்னும் பி.இ. முடிக்கல மாமா. கல்யாணத்தப்பவே முடிக்கல."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மாமா வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது, செருப்புச் சத்தம்.

"இன்னைக்கு எழுதுனதுல பாஸாயிருவியா?"

"ஆயிருவேன்னுதான் நினைக்கிறேன். ரிசல்ட்டு வர ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்."

"பாஸானப்புறம் சொன்னா அது வேற மாமா. ஆகாம இருக்கும்போதே சொல்லணும்னு தோணுச்சு."

வண்டியைப் பிடித்துக்கொண்டேன். மாமா கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அழுதால்தான் என்ன செய்வதென்று தெரியாது.

"ஏம்மா," என்றார், "அப்ப இத்தன வருசமா நம்ம தோட்டத்து மோட்டாரு நின்னுபோறப்பெல்லாம் கழட்டி மாட்டுனது யாரு?"

"நாந்தான் மாமா."

"மோட்டாருக்குக் காயில் கட்டுனது?"

"நாந்தான்."

"அது ஓடுதுல்ல."

"ஓடுது மாமா" என்றேன்.